நுனி வெட்டாத மூங்கில்

நயா பைசா வந்த புதிதில் எனக்கு ஒரு தூண்டில் வேண்டும் என்று ஆசை வந்தது. தென்காசியில் எங்கள் தெருப் பையன்கள் ஆளுக்கொரு தூண்டில் வைத்திருந்தார்கள். தூண்டில் என்றால் வேலியில் பிடுங்கிய ஏதோ ஒரு குச்சி, அதன் முனையில் தையல் நூல், நூலின் முனையில் வளைத்த குண்டூசி. அதை வைத்து அவர்கள் ஒரு மீனைப் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் சாயங்காலம் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு திரும்பி வருவார்களே, அந்த நடைக்காகவே எனக்கு ஒன்று வேண்டியிருந்தது. அம்மாவிடம் கேட்டேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குட்டி தூண்டிலு?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சித்திதான், தலையை நிமிர்த்தாமலே, "நான் வாங்கித் தாரேன். நல்ல கம்பா வாங்குவோம்" என்றாள். தூண்டில் கிடைக்கப் போவதைவிட, சித்தி தானாக வாய் திறந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டதற்குப் பதில் சொல்வாளே தவிர அவளாக எதுவும் பேசியதில்லை.

சித்தி அம்மாவின் தங்கை. சுரண்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பா சீசன் மாதங்களில் குற்றாலத்தில், பெரிய அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்க் கடை போடுவார். முந்தின வருஷம் ஆடியில் ஒரு மத்தியானம் மலைமேல் பெருமழை பிடித்து, அருவி செந்நிறமாக இரண்டு பங்கு அகலத்துக்கு விழுந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். கூட்டம் கலைந்த பிறகு பார்த்தால் சித்தப்பாவின் கடை திறந்தபடி கிடந்தது. எண்ணெய்ப் போணிகள் அப்படியே இருந்தன. அவரை மட்டும் காணவில்லை. அவருடைய செருப்பு அருவிக்கரைப் பாறையில் கிடந்தது. வெள்ளம் வடிந்ததும் ஆட்கள் ஆற்றில் முங்கித் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை.

அதற்குள் இன்னொரு கதை வந்து சேர்ந்துவிட்டது. செங்கோட்டை ஸ்டேஷனில், கொல்லத்துக்குப் போகிற ரயிலில் சித்தப்பாவைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். சொன்னது யார் என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. சித்தியின் மாமியார் அந்தக் கதையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எம் மவன் சாகல. இவ மூஞ்சியில முழிக்க மாட்டாம மலையாளத்துக்கு ஓடிட்டான். இவ இந்த வீட்ட விட்டு எறங்குனா அவன் தானா வந்துருவான்" என்று தெருவில் நின்று சொல்லி, சித்தியை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அதிலிருந்து சித்தி யார் என்பதில் ஊருக்கே ஒரு குழப்பம். கழுத்தில் தாலி இருந்தது, நெற்றியில் குங்குமம் இருந்தது. ஆனால் கல்யாண வீட்டில் ஆரத்தி எடுக்க அவளைக் கூப்பிட மாட்டார்கள். துக்க வீட்டிலும் அவள் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று பெண்கள் யோசிப்பார்கள். செத்தவனின் பெண்டாட்டியா, ஓடிப்போனவனின் பெண்டாட்டியா என்று தெரியாத ஒருத்தியை எங்கே வைப்பது? எனக்கு அதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்குத் தூண்டில் வாங்கித் தருகிறேன் என்று சொன்ன சித்தி, அவ்வளவுதான்.

வாங்குவது அப்படி லேசாக நடக்கவில்லை. சித்தியிடம் இருந்தது மிளகாய் டப்பாவுக்குள் சேர்த்து வைத்த சிறுவாட்டுக் காசு மட்டும். அதற்குள் முடிய வேண்டும். அவள் கேட்டதோ எங்கும் கிடைக்காத சாமானாக இருந்தது. கம்பு நீளமாக இருக்க வேண்டும். எவ்வளவு பாரம் இழுத்தாலும் ஒடியக்கூடாது. அதே சமயம் நுனியில் ஒரு கொசு வந்து உட்கார்ந்தால்கூடப் பிடித்திருக்கிற கையில் தெரிய வேண்டும். என் ஒரு தூண்டிலுக்காக இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப் போனேன்.

முதலில் சந்தையில் கூடை முடைகிறவர்களிடம் ஈத்தல் என்கிற மெல்லிய மூங்கில் கம்பு ஒன்றைப் பார்த்தோம். காற்றைப்போல லேசாக இருந்தது. விலையும் கொஞ்சம்தான். சித்தி அதன் அடியைப் பிடித்துக்கொண்டு நுனியைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்தினாள். வளைந்து வந்தது, பிறகு சடக்கென்று நீளவாக்கில் பிளந்தது. கூடைக்காரி சண்டைக்கு வந்தாள். பிளந்ததற்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தோம்.

அடுத்தது குற்றாலத்தில், மலையடிவாரத்து பங்களா ஒன்றில். எப்போதோ சீமைக்குப் போன துரை ஒருவர் விட்டுப்போன தூண்டிலைக் காவல்காரர் விற்கப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனோம். அதைப் பார்த்த கணத்தில் என் மனசு அதனிடம் போய்விட்டது. மூன்று துண்டாகப் பிரித்து மாட்டுகிற கம்பு. கருஞ்சிவப்பில் மெருகு. வழிநெடுகப் பித்தளை வளையங்கள். பிடிக்கிற இடத்தில் தக்கை சுற்றியிருந்தது. இதைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தால் பையன்கள் கதி என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். இங்கே வாங்க ஆள் இல்லாததால் காவல்காரர் விலையையும் இறக்கிக்கொண்டே வந்தார்.

சித்தி துண்டுகளை மாட்டி, வளைத்துப் பார்த்தாள். மூட்டில் கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. நகத்தால் மெருகைச் சுரண்டினாள். உள்ளே பசை பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"பாக்கத்தான் அழகு. பசை செத்துப் போச்சு. பாரம் தாங்காது" என்றாள்.

காவல்காரருக்குக் கோபம். "தங்கச்சி, துரை இதுல கைநீள மீனெல்லாம் புடிச்சிருக்காரு. ஒனக்கு எம்புட்டுப் பாரம் தாங்கணும்?"

சித்தி கையிலிருந்த கம்பைப் பார்த்தாள். "ஒரு ஆளு பாரம்" என்றாள் மெல்ல.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சிவப்புக் கம்புக்காக அழுதேன்.

கடைசியில்தான் செங்கோட்டை ரோட்டில் இருந்த மூங்கில் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு ராவுத்தர். பந்தலுக்கும் கூரைக்கும் பாடைக்கும் ஒரே இடத்திலிருந்து மூங்கில் எடுத்துக் கொடுப்பவர். மூங்கில்கள் கூரை உயரத்துக்குச் சாய்த்து நிறுத்தப்பட்டிருந்தன. அந்தக் கடைக்குள் நுழைந்ததும் வெயில் நின்றுவிட்டது. வெளியே காற்று அடிக்காதபோதும் மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டிருந்தன.

"பொந்து மூங்கில் வேண்டாம் அண்ணாச்சி. உள்ள கெட்டியா இருக்கணும். தேய்பிறையில வெட்டுனதா இருக்கணும், உளுக்கக் கூடாது" என்றாள் சித்தி.

இவ்வளவும் எப்போது தெரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. ராவுத்தர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, கட்டி மூங்கில் கம்புகள் சிலவற்றை இழுத்துப் போட்டார். நுனி வெட்டிய கம்புகளை எல்லாம் சித்தி தள்ளிவிட்டாள். மூங்கில் காட்டில் நின்றபோது எப்படி ஊசியாக முடிந்ததோ, அப்படியே நுனி இருந்தால்தான் தொட்டது கைக்கு வரும் என்றாள். அப்புறம் என்னைக் கடையின் மறுகோடிக்கு அனுப்பி நுனியைப் பிடிக்கச் சொன்னாள். அவள் அடியைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் சொல்லுதவரை என்னமாச்சும் செஞ்சுகிட்டே இருட்டி."

எனக்கு அது நல்ல விளையாட்டு. நுனியை நகத்தால் தட்டினேன். "தட்டுத" என்றாள். ஊதினேன். முதல் கம்பில் அவளுக்குத் தெரியவில்லை. அடுத்ததில் தட்டியதே தெரியவில்லை. பிறகு ஒரு கம்பு வந்தது. அடிப்பக்கம் ஒரு கோணல் இருந்ததால் பந்தலுக்கும் ஆகாது, எதற்கும் ஆகாது என்று ராவுத்தர் ஒதுக்கி வைத்திருந்தது. அதில் நான் ஊதியதும், "ஊதுத" என்று அங்கிருந்து குரல் வந்தது. தரையில் ஓடிய எறும்பை எடுத்து நுனியில் விட்டேன். "இப்ப என்னமோ நடக்குது, சின்னதா" என்றாள். நான் சந்தோஷத்தில் குதித்தேன். என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி நுனியில் தடவினேன். அதையும் சொன்னாள்.

அப்புறம் சும்மா இருந்து பார்க்கலாம் என்று கையை எடுத்துவிட்டேன். கம்பின் நுனி காற்றில் நின்றது. யாரும் தொடவில்லை.

சித்தி திரும்பாமலே கேட்டாள். "யாருட்டி உன்கூட நிக்கிறது?"

"யாருமில்ல சித்தி."

"வெளையாடாத. நீ ஒரு கையி. இன்னொரு கையி யாருது? இறுக்கிப் பிடிச்சிருக்கே."

"நான் தொடவே இல்ல சித்தி!"

சித்தி கண்ணைத் திறந்து திரும்பினாள். அவள் முகத்தில் பயம் இல்லை. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது காதில் விழுந்தவள்போல இருந்தாள். ராவுத்தர் கைவேலையை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் பார வண்டி எதுவும் போயிருக்கலாம், அதன் அதிர்வு தரை வழியாக ஏறியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். வண்டி போன ஞாபகம் மட்டும் எனக்கு இல்லை.

"இதுதான்" என்றாள் சித்தி.

"எங்கன போய்ப் பிடிக்கப் போறிய?" என்று ராவுத்தர் கேட்டார்.

"இலஞ்சி போற வழியில, ஆத்துல ஒரு கசம் இருக்குல்லா, அங்கன."

ஆற்றில் சுழித்து ஆழமாகக் கிடக்கிற இடத்தை எங்கள் பக்கம் கசம் என்பார்கள். ராவுத்தர் தலையை ஆட்டினார். "அங்கன மீனு கெடையாது தங்கச்சி. அருவி கொண்டு வாரதெல்லாம் அங்கன வந்துதான் அடங்கும்."

"தெரியும் அண்ணாச்சி."

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. சித்தி முடிச்சை அவிழ்த்து நீட்டிய காசை எண்ணிப் பார்க்காமல் வாங்கிப் போட்டுக்கொண்டார். கம்பை வெளியே எடுத்து வரும்போது மட்டும், "வேலை முடிஞ்சா அந்தக் கம்பத் திரும்ப வீட்டுக்குக் கொண்டு போகாதிய" என்றார். நல்ல கம்பை ஏன் வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது? விற்றது போதாதென்று புத்தியும் சொல்கிறாரே என்று எனக்கு எரிச்சல்.

சித்தி கம்புக்கு அடுப்புப் புகை காட்டி, நல்லெண்ணெய் தேய்த்து, வெயில் படாமல் வைத்தாள். நூலை அவளே பல புரியாக முறுக்கினாள். எல்லாம் சரிதான், முள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றில் விழுந்த வாளியைத் துழாவி எடுக்க வீட்டில் பாதாளக் கரண்டி என்று கொக்கிகள் தொங்கும் ஒரு இரும்புக் கொத்து வைத்திருப்போம். அதிலிருந்து ஒரு கொக்கியைக் கழற்றிக் கல்லில் தீட்டி, அதை நூலில் கட்டியிருந்தாள். என் சுண்டுவிரல் பருமன் இருந்தது.

"இத எந்த மீனு சித்தி முழுங்கும்?"

"முழுங்க வேண்டாம். மாட்டுனாப் போதும்" என்றாள்.

பரீட்சை முடிந்து லீவு விட்டது. பிள்ளை ஆசைப்படுகிறது, ஆற்றுக்குக் கூட்டிப் போய் வருகிறேன் என்று சித்தி அம்மாவிடம் சொன்னாள். தங்கை ஒரு காரியத்தில் மனசை வைக்கிறாளே என்று அம்மா உடனே சம்மதித்துவிட்டாள். பஸ்ஸில் குற்றாலம் போகிற வழியில் இறங்கி, வயல் வரப்பில் நடந்து ஆற்றுக்குப் போனோம்.

கோடையில் அருவி கிடையாது. மலை வெறும் பாறையாக நிற்கும். சீசனில் அந்த இரைச்சலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அந்த அமைதி சரியாக இருக்காது. யாரோ பேசிக்கொண்டிருந்தவர் நம்மைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது போல இருக்கும். ஆறு அங்கங்கே கூழாங்கல் மேல் ஒழுகிக்கொண்டிருந்தது. கசத்தில் மட்டும் தண்ணீர் குறையவில்லை. இரண்டு கரையிலும் மருத மரங்கள் கவிழ்ந்து வெயிலை மறைத்திருந்தன. தண்ணீர் பச்சையும் கறுப்புமாக அசையாமல் கிடந்தது. ஒரு பக்கம் பெரிய பாறை. அதன் அடியில் தண்ணீருக்குள் ஒரு பொடவு, குகை மாதிரி, உள்ளே போகிறது என்றும், அதில் முங்கிப் போனவர் யாரும் அதன் கடைசியைப் பார்த்ததில்லை என்றும் சித்தி சொன்னாள். அன்று தேடிய ஆட்களும் அதன் வாசலோடு திரும்பிவிட்டார்களாம்.

எனக்கு ஒரு சின்ன ஈத்தல் குச்சியும் மண்புழுவும் கொடுத்துவிட்டு, பெரிய கம்பை அவள் வைத்துக்கொண்டாள். என் தூண்டில் அவள் கையில் இருக்கிறதே என்று எனக்குத் தாங்கவில்லை. "மொதல்ல நான் பழக்கிட்டுத் தாரேன்" என்றாள். என் புழுவை எதுவும் கடிக்கவில்லை. இழுத்துப் பார்க்கும்போதெல்லாம் போட்டபடியே, வெளிறி வெள்ளையாகத் திரும்பி வந்தது. அங்கே தவளைச் சத்தம்கூட இல்லை.

சித்தி கொக்கியைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கம்பை மெல்ல மெல்ல நகர்த்துவாள். அவள் உதடு அசைந்துகொண்டே இருக்கும். "இது மணலு... இது இலைச்சருகு... வேரு... பாறை. பாறைக்குக் கீழ வழவழன்னு போவுது..." எனக்குக் கதை சொல்கிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். பல நாள் இப்படியே போனோம், வந்தோம்.

ஒரு நாள், "இங்கன வந்து பிடிச்சுப் பாரு" என்று கம்பை என் கையில் கொடுத்தாள். கொக்கி கீழே எங்கோ ஆழத்தில் தொட்டும் தொடாமலும் நின்றது. மூங்கில் என் உள்ளங்கையில் மெல்ல எழும்பியது. தாழ்ந்தது. மறுபடி எழும்பியது. தூங்குகிற மாட்டின் வயிற்றில் கை வைத்ததுபோல் இருந்தது.

"என்ன சித்தி இது?"

"தண்ணி உள்ள போய் வெளிய வருது" என்றாள். பிறகு, எனக்கில்லாமல் தனக்கே சொல்வதுபோல, "மூச்சு விடுத மாதிரி இல்ல?" என்றாள். நான் கம்பை அவளிடமே கொடுத்துவிட்டு, நன்றாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த நாள் எப்படி வந்ததென்றால், ஆற்றில் தண்ணீர் இன்னும் இறங்கி, பாறைக்குப் பக்கத்தில் நிற்க ஒரு திட்டு தெரிந்தது. சித்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் அதுவரை போய், கம்பை முக்கால்வாசி தண்ணீருக்குள் செலுத்தி, நுனியைப் பொடவுக்குள் விட்டாள். நான் கரைப்பாறையில் குப்புறப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் உதடு நின்றுவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. ஒரு கையால் கம்பைத் தடவிக்கொண்டே, தூரத்தில் பேசுகிறவர் பேச்சை உன்னிப்பாகக் கேட்பவள்போல் தலையைச் சாய்த்தாள். பிறகு மணிக்கட்டை லேசாகத் திருப்பினாள்.

மூங்கில் வளைந்தது. இப்படி வளையும் என்று நான் நினைத்ததே இல்லை. நுனி அடியைத் தொடுகிற மாதிரி வந்தது. ஒடியப் போகிறது என்று நான் கத்தினேன். ஒடியவில்லை. சித்தி இழுக்கவும் இல்லை. கம்பை அதன் போக்கில் நிமிர விட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்தாள். கசம் கலங்கிற்று. அடியிலிருந்து கறுப்புச் சேறு புகை மாதிரி எழும்பியது. குமிழிகள் வந்து உடைந்தன. அந்தச் சேற்றுக்குள்ளிருந்து அகலமாக, கறுப்பாக, வளைந்து வளைந்து ஒன்று ஏறி வந்தது. அதன் தலைப்பக்கம் மஞ்சளாக ஒரு கண் மின்னியது.

"விலாங்கு சித்தி! விலாங்கு! கண்ணு தெரியுது! விட்டுராத!"

அது தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. அதற்குக் கீழே சேற்றுக்குள் இன்னும் என்னவோ வெளுப்பாக, துணி மாதிரி, அசைந்தது. சித்தி குனிந்தாள். ஒரு கையில் கம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையைத் தண்ணீருக்குள் விட்டு, அந்த மஞ்சள் கண்ணைப் பெருவிரலால் தடவினாள். விலாங்கு அசையவில்லை. அவள் அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

"இங்கனதான் இருக்கியளா" என்றாள்.

மீனிடம் யாராவது இவ்வளவு மரியாதையாகப் பேசுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சித்தியின் குரல் அவளுடையதாக இல்லை.  எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. அப்புறம் இடுப்பில் செருகியிருந்த பேனாக்கத்தியை எடுத்து, பல்லால் பிரித்து, நூலை அறுத்தாள்.

அவசரம் இல்லாமல் அது கீழே போயிற்று. மஞ்சள் கண் மங்கி மங்கி மறைந்தது. சேறு அதன்மேல் மூடிக்கொண்டது. சித்தி கம்பையும் தண்ணீர்மேல் நீளவாக்கில் கிடத்தினாள். ஓட்டமே இல்லாத கசத்தில் அது மெல்ல நகர்ந்து, பாறைப் பக்கம் போய், பொடவின் வாசலில் நுழைந்தது. மூங்கில் மிதக்கும், திரும்ப வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை.

நான் தரையில் புரண்டு அழுதேன். அவ்வளவு பெரிய மீன், அதற்குமேல் என் தூண்டில். சித்தி என்னைத் தேற்றவில்லை. கசத்தை விட்டுக் கீழே ஓடுகிற தண்ணீருக்குப் போய், கட்டிய சேலையோடு தலை முழுக முங்கினாள். எழுந்து மறுபடி முங்கினாள். என்னையும் கூப்பிட்டாள்.

"வாட்டி. நீயும் தலையோட முங்கு."

"நேத்துதான எண்ணெ தேச்சுக் குளிச்சேன்."

"மீன் கவிச்சி போகணும்."

"மீனுதான் பிடிக்கலையே!" என்று நான் விசும்பினேன். அவள் என் தலையைப் பிடித்து அமுக்கி எடுத்தாள். கரையேறியதும் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு குங்குமப் பொட்டலத்தை எடுத்து நெற்றியில் வைத்தாள். ஈரத்தில் அது மூக்கு வரை சிவப்பாக ஒழுகியது. துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். அந்தப் பொட்டும் நேராக இல்லை.

விலாங்கு மீனுக்கு மஞ்சள் கண் கிடையாது. சித்தப்பா இடுப்பில் வேட்டிக்குமேல் கடைக்காரர்கள் கட்டுகிற அகலமான கறுப்புத் தோல் வார் போட்டிருப்பார். அதன் பித்தளைப் பூட்டைத் துடைத்து வைப்பதற்கென்றே சித்தி புளி எடுத்து வைப்பாளாம். இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்தபோது எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. புருஷன் தன்னை விட்டு ஓடவில்லை என்று ஊர் வாயை அடைக்க அன்று அவள் கையில் சாட்சி இருந்தது. அந்தச் சாட்சியைக் கரையேற்றியிருந்தால் அன்று சாயங்காலமே அவள் தாலியை இறக்கி வெள்ளைச் சேலை கொடுத்து மூலையில் உட்கார வைத்திருப்பார்கள். அவள் நூலை அறுத்தாள்.

நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. "சுரண்டைக்குப் போவோம். அங்கன நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். தென்காசி பஸ் ஸ்டாண்டில் தெரிந்த ஆளிடம் அப்பாவுக்குச் சேதி சொல்லிவிட்டு சுரண்டை பஸ்ஸில் ஏறினோம். காற்றில் சேலை காய்ந்துவிட்டது. தலைமுடி காயவில்லை.

விளக்கேற்றுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சித்தியின் மாமியார் முற்றத்தில் உட்கார்ந்து, கொல்லையில் பறித்த பிச்சிப்பூவைச் சாமி படத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முகம் கடுத்தது.

"எதுக்கு வந்த?"

சித்தி வாசலிலேயே நின்றாள். "ஒரு சேதி சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் அத்தை. அவுகளப் புனலூர்ல பாத்தாகளாம்."

நான் சித்தியை நிமிர்ந்து பார்த்தேன். காலையிலிருந்து நாங்கள் யாரையும் பார்க்கவில்லை, யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. மீன் பிடிக்கப் போனதை மறைக்க இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாளே என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

அந்த அம்மாள் சந்தோஷத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சித்தியின் கொண்டையில் கை வைத்தாள். முடியை அமுக்கினாள். விரல் வழியே தண்ணீர் கசிந்தது. பிறகு என் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் தலையோட முங்கியிருக்கிய."

"ஆத்துல குளிச்சோம். வெயிலு."

மாமியார் தன் ஈர விரல்களைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "புனலூர்லயா பாத்தாக?"

"ஆமா அத்தை."

"நல்லா இருக்கானா?"

"நல்லா இருக்காக. ஒரு தொந்தரவும் இல்லாம இருக்காக."

"இனிமே தேட வேண்டாமா?"

சித்தி தலையை அசைத்தாள். "வேண்டாம் அத்தை."

அந்த அம்மாள் கொல்லைக்குப் போனாள். கிணற்றில் வாளி விழுகிற சத்தமும், யாரோ தலைவழியே தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தமும், திரும்பத் திரும்பக் கேட்டது. விளக்கேற்றுகிற நேரத்தில் இந்த வயசில் இப்படிப் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறாளே, ஜலதோஷம் பிடிக்காதா என்று நினைத்தேன். கட்டிய சேலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தாள். சித்தியைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போய் மனையில் உட்கார வைத்தாள். சாமிக்குக் கட்டிய பூவை அப்படியே எடுத்து, ஒரு இணுக்குக்கூட மிச்சம் வைக்காமல், சித்தியின் ஈரத் தலையில் சுற்றிச் சுற்றி வைத்தாள்.

"எவ கேட்டாலும் புனலூர்னு சொல்லு. நானும் அப்படித்தான் சொல்லுவேன். அவன் வாரப்ப வரட்டும். நீ இங்கனயே இரு" என்றாள்.

சித்தி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்தாள்.

எனக்கு அன்று கோபம் கோபமாக வந்தது. தூண்டில் போயிற்று, விலாங்கு போயிற்று. இவ்வளவு தூரம் வந்து ஈரத்தலையோடு ஒரு பிள்ளை நிற்கிறதே, அதற்கு ஒரு இணுக்குப் பூ வைப்போம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்கள். காணாமல் போனவர் நல்லபடியாக இருக்கிறார் என்று சேதி வந்த வீட்டில் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.